வெண்ணெய் வாசமும் ஒரு மரபணுவும்: பீர் ஈஸ்டை மாற்றியமைப்பதன் அடிப்படைகள்

பீர் ஆலைகளில் எளிய சோதனை ஒன்று வழக்கத்தில் உள்ளது. நொதித்தல் முடியும் தறுவாயில் தொட்டியிலிருந்து இரண்டு மாதிரிகளை எடுத்து, ஒன்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, மற்றொன்றைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் ஒரே அளவுக்குக் குளிரவைத்து முகர்ந்து பார்ப்பார்கள். சூடாக்காத மாதிரியில் ஒன்றும் தெரியாமல் சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசம் எழுந்தால், அந்தத் தொட்டியை இன்னும் சில நாட்கள் தொடக்கூடாது என்று பொருள். சர்க்கரையெல்லாம் ஆல்கஹாலாக மாறி முடிந்திருக்கும், நுரையும் அடங்கியிருக்கும், ஆனாலும் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு எதனால் வருகிறது, ஒரே ஒரு மரபணுவைக் கொண்டு அதை எப்படித் தவிர்க்கிறார்கள் என்பது விளங்கிவிட்டால், பீர் ஈஸ்டில் செய்யப்படும் மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும். ஆகவே இக்கட்டுரை அந்த வெண்ணெய் வாசத்தின் அருகிலேயே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறது.

பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீளுவதற்குள் வெப்பத்தில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைக்கத் தொடங்கும் தானியம் தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதற்கான நொதிகளைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். நொதித்தல் என்பது நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு வேறு பொருளாக மாற்றும் நிகழ்வு. நம் பாடநூல்கள் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லைத் தந்துவிட்டதால் புதிதாகப் படிப்பவர்கள் இடறும் இடம் இது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவிடும்போது அந்த நொதிகள் தம் வேலையைத் தொடர, இனிப்பான பழுப்பு நிற நீர் ஒன்று வடிந்து வருகிறது. வோர்ட் என்று அழைக்கப்படும் இந்த நீரில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதன் பிறகே ஈஸ்டை இடுகிறார்கள். ஒரு மில்லிலிட்டர் வோர்ட்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி செல்கள் என்பது பொதுவான கணக்கு.

அதற்கு மேல் நடப்பதெல்லாம் ஈஸ்டின் வேலை. வோர்ட்டில் உள்ள சர்க்கரையில் மால்டோஸே மிகுதி. அதை ஈஸ்ட் உள்ளே இழுத்துக் குளுக்கோஸாக உடைத்து, பைருவேட் என்ற இடைப்பொருளாக்கி, அதிலிருந்து ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் இவ்வழியில் சென்றால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் கிடைக்கும். ஆனால் ஈஸ்ட் நமக்காக ஆல்கஹால் தயாரிப்பதில்லை. அது தனக்கு ஆற்றல் தேடிக்கொண்டு, தன் செல்களைப் பெருக்கிக்கொண்டு, வேண்டாதவற்றை வெளியே தள்ளுகிறது. ஆல்கஹாலும் அப்படித் தள்ளப்பட்ட ஒரு கழிவுதான். ஆல்கஹாலோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான பிற பொருட்களும் மிகச் சிறிய அளவுகளில் வெளியேறுகின்றன. வாழைப்பழ வாசம், கிராம்பு வாசம், வெண்ணெய் வாசம் என்று சுவைப்பவர்கள் பெயர் சொல்லும் பலவும் இந்தச் சில்லறைக் கழிவுகளிலிருந்து வருபவை. பீர் ஈஸ்டில் மரபணுவை மாற்றுபவர்கள் ஆல்கஹால் உருவாகும் முதன்மை வழியை அநேகமாகத் தொடுவதே இல்லை. அதிலிருந்து பிரிந்து செல்லும் சிறு கிளைகளில் எது திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதைத்தான் அவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

எந்த ஈஸ்ட் என்பதையும் சொல்ல வேண்டும். ஏல் வகை பீருக்குப் பயன்படுவது சாக்கரோமைசிஸ் செரிவிசியே; பேக்கரியில் ரொட்டி மாவைப் பொங்கவைப்பதும், இறக்கிய கள்ளைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தில் அடிக்கடி காணப்படுவதும் இதே இனம்தான். உலகில் மிகுதியாக விற்கும் லாகர் வகைக்கு உரியது சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். இது செரிவிசியே இனமும், குளிரைத் தாங்கும் மற்றோர் இனமும் இயற்கையில் கலந்து பிறந்த கலப்பினம். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்ததிலிருந்து லாகர் ஆலைகள் இதைத் தனி வகையாகப் பேணி வருகின்றன. ஆனாலும் குளிரைத் தாங்கும் அந்த மற்றப் பெற்றோர் எது என்பது 2011 வரை தெரியவில்லை. அவ்வாண்டில்தான் தென் அமெரிக்காவின் படகோனியாவில் தென்பீச் மரங்களில் வளரும் புடைப்புகளில் அதைக் கண்டெடுத்து சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்று பெயரிட்டார்கள். ஆகவே லாகர் குடிப்பவர் குடிப்பது ஏற்கெனவே இரண்டு இனங்களின் மரபணுத் தொகுப்பைச் சுமக்கும் ஓர் உயிரி தயாரித்த பானத்தைத்தான்.

இனி வெண்ணெய்க்கு வருவோம். அந்த வாசத்துக்குக் காரணமான பொருளின் பெயர் டைஅசிட்டைல். வெண்ணெய்க்கே அதன் மணத்தைத் தருவதும் இதுதான். பாப்கார்னில் சேர்க்கப்படும் செயற்கை வெண்ணெய் மணத்திலும் இது பயன்பட்டிருக்கிறது. லாகரில் லிட்டருக்குச் சுமார் 0.1 மில்லிகிராம் இருந்தாலே பழகிய நாக்கு கண்டுபிடித்துவிடும். 10,000 லிட்டர் கொள்ளும் தொட்டிக்குக் கணக்கிட்டால் அது ஒரே ஒரு கிராம். தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவுக்கு இணையான பீரை ஒரு சிட்டிகைப் பொருள் கெடுத்துவிட முடியும்.

ஈஸ்ட் இதை விரும்பிச் செய்வதில்லை. உண்மையில் ஈஸ்ட் இதை நேரடியாகச் செய்வதே இல்லை. புதிய செல்கள் பெருகப் புரதம் வேண்டும், புரதத்துக்கு அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றுள் ஒன்றான வேலினை வோர்ட்டிலிருந்து ஈஸ்ட் தாமதமாகத்தான் உறிஞ்சுகிறது என்பதால், தேவையான அளவைத் தானே தயாரித்துக்கொள்ள முற்படுகிறது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் அறையில் இந்த வேலை நடக்கிறது. இரண்டு பைருவேட்டுகளை இணைத்து அசிட்டோலாக்டேட் என்ற பொருள் உருவாக்கப்படுகிறது. அதை வேலினை நோக்கி நகர்த்தும் அடுத்த நொதி சற்று மெதுவானது. முதல் மேசையில் வேலை வேகமாகவும் இரண்டாம் மேசையில் மெதுவாகவும் நடக்கும் அலுவலகத்தில் நடுவே கோப்புகள் குவிவது போல, அசிட்டோலாக்டேட் குவிந்து, அறையைத் தாண்டி, செல்லையும் தாண்டி, பீருக்குள் கசிகிறது. அந்த நிலையில் அதற்கு வாசம் இல்லை. ஆனால் பீரில் மிதந்தபடியே, எந்த நொதியின் துணையும் இல்லாமல், அது தானாக ஒரு கார்பன் டை ஆக்சைடை இழந்து, ஆக்சிஜனேற்றமும் அடைந்து, டைஅசிட்டைலாக மாறுகிறது.

கதை அங்கே முடிந்திருந்தால் லாகர் என்ற பானமே இருந்திருக்காது. பீரில் உயிரோடு இருக்கும் ஈஸ்ட், டைஅசிட்டைலை மீண்டும் உள்ளே எடுத்து, அசிட்டோயின் என்றும் பியூட்டேன்டையால் என்றும் படிப்படியாக மாற்றிவிடுகிறது. பீரில் சேரும் அளவுகளில் இவ்விரண்டும் மூக்குக்கு எட்டுவதில்லை. இந்தத் துப்புரவு விரைவாகவே நடக்கிறது. தாமதம் இதற்கு முந்தைய படியில், அதாவது கசிந்து கிடக்கும் அசிட்டோலாக்டேட் தானாக டைஅசிட்டைலாக மாறும் படியில் இருக்கிறது. நொதியின் உதவி இல்லாத வினை என்பதால் அதை விரைவுபடுத்துவதற்கு வெப்பத்தைத் தவிர வேறு வழி குறைவு. லாகரோ குளிரில், 10 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் நொதிக்கவைக்கப்படுவது. அசிட்டோலாக்டேட் மீதமிருக்கும்போதே அவசரப்பட்டு ஈஸ்டை வடிகட்டிப் பாட்டிலில் அடைத்துவிட்டால், கடை அலமாரியில் இருக்கும் நாட்களில் அது மெல்ல டைஅசிட்டைலாக மாறும். துப்புரவு செய்ய ஈஸ்டும் இருக்காது. தொடக்கத்தில் சொன்ன சோதனையின் பொருள் இப்போது தெளிவாகும். ஒரு மாதிரியைச் சூடாக்குவது, வாரக்கணக்கில் நடக்கவிருப்பதை அரை மணி நேரத்தில் நடத்திக் காட்டுவதற்காகத்தான். நொதித்தலின் கடைசி நாட்களில் தொட்டியின் வெப்பநிலையைச் சில டிகிரி உயர்த்தி ஓய்வாக விடும் வழக்கத்துக்கும் இதுவே காரணம்.

இந்தத் தாமதத்தைச் சுருக்க மரபணு வழியாக என்ன செய்யலாம்? முதலில் தோன்றும் யோசனை, அசிட்டோலாக்டேட்டை உருவாக்கும் நொதிக்கான மரபணுவையே நீக்கிவிடுவது. அந்த மரபணுவின் பெயர் ஐ.எல்.வி.2. நீக்கினால் கசிவு நின்றுவிடும், ஆனால் வேலினும் நின்றுவிடும். அதே நொதி ஐசோலூசின் என்னும் இன்னோர் அமினோ அமிலத்துக்கும் தேவைப்படுவதால் அதுவும் நின்றுவிடும். அத்தகைய ஈஸ்டால் வோர்ட்டில் செழித்து வளர முடியாது. ஒழுகுகிறது என்பதற்காக வீட்டுக்கு வரும் குழாயையே அடைப்பது போன்றது இது. நடைமுறையில் வெற்றி பெற்ற யோசனை, ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைப்பது. பல பாக்டீரியாக்களிடம் அசிட்டோலாக்டேட் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி உண்டு. அது அசிட்டோலாக்டேட்டை ஒரே படியில் அசிட்டோயினாக மாற்றிவிடுகிறது. டைஅசிட்டைல் என்ற நிறுத்தத்தில் வண்டி நிற்பதே இல்லை. ஈஸ்டிடம் இயற்கையில் இந்த நொதி கிடையாது. பாக்டீரியாவின் அந்த ஒற்றை மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்தால், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசிந்த அசிட்டோலாக்டேட் செல்லை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே பிடிபட்டுவிடும். வேலின் தயாரிப்பு வழக்கம்போல நடக்கும், வெண்ணெய் மட்டும் வராது.

1980களின் பிற்பகுதியிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் அப்போது சந்தைக்குச் சென்றது ஈஸ்ட் அன்று, அதே நொதியைத் தனியே பிரித்தெடுத்த திரவம். அந்த நொதியை இன்றும் தொழிற்சாலையில் உற்பத்தி செய்வது, பாசில்லஸ் பிரெவிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பெற்ற பாசில்லஸ் சப்டிலிஸ். மரபணு மாற்றப்பட்ட ஈஸ்டைத் தொட்டியில் விடத் தயங்கிய ஆலைகள் பலவும், மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியா தயாரித்த நொதியைத் தயங்காமல் ஊற்றின. முன்னதில் மாற்றப்பட்ட உயிரியே பீரில் இருக்கிறது, பின்னதில் அதன் விளைபொருள் மட்டுமே வருகிறது என்ற வேறுபாட்டைச் சட்டங்கள் கவனத்தில் கொள்கின்றன. அந்த வேறுபாடு உண்மையானதுதான் என்றாலும், வாடிக்கையாளர்களின் அச்சத்துக்கும் அறிவியலுக்கும் இடையே நூல் பிடித்தாற்போல் ஒற்றுமை இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இன்று அமெரிக்காவில் பெர்க்லி ஈஸ்ட், ஒமேகா ஈஸ்ட் போன்ற நிறுவனங்கள் இந்த மரபணுவைத் தாங்கிய ஈஸ்டுகளையே நேரடியாக விற்கின்றன.

மரபணுவை ஈஸ்டுக்குள் வைப்பது என்றால் நடைமுறையில் என்ன? ஈஸ்டுக்குள் வெளி டி.என்.ஏ.வைப் புகுத்தி நிலைக்கச் செய்ய முடியும் என்பதை 1978இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஃபிங்க்கின் குழு காட்டியது. 1996இல் செரிவிசியேவின் மரபணுத்தொகுப்பு முழுவதும் படிக்கப்பட்டது. உட்கரு கொண்ட உயிரினங்களில் முதன்முதலாக அப்படிப் படிக்கப்பட்டது இதுதான். 16 குரோமோசோம்களில் டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 1.2 கோடி வேதி எழுத்துகள், சுமார் 6,000 மரபணுக்கள். ஈஸ்டுக்கு வசதியான குணம் ஒன்றும் உண்டு. அதன் டி.என்.ஏ. ஓரிடத்தில் அறுந்தால், அறுந்த இடத்தின் இரு முனைகளோடும் பொருந்தும் எழுத்து வரிசை கொண்ட வேறொரு துண்டு அருகில் கிடைத்தால், அதையே முன்மாதிரியாக வைத்து வெட்டை ஒட்டிக்கொள்ளும். கிழிந்த வேட்டிக்கு அதே கரை கொண்ட ஒட்டுத்துணியைத் தேடி எடுத்துத் தைப்பது போல. அந்த ஒட்டுத்துணியின் நடுவில் புதிய மரபணுவை வைத்துக் கொடுத்துவிட்டால், ஈஸ்ட் தன் கையாலேயே அதைத் தன் குரோமோசோமில் தைத்துக்கொள்கிறது.

ஆய்வக ஈஸ்டில் எளிதாக நடக்கும் இது ஆலை ஈஸ்டில் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. ஆய்வக வகைகளில் ஒவ்வொரு குரோமோசோமும் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஏல் வகைகள் பலவற்றில் மூன்று, நான்கு படிகள், அதாவது நகல்கள், வரை இருக்கின்றன. லாகர் வகையோ இரண்டு இனங்களின் தொகுப்புகளை ஒழுங்கற்ற எண்ணிக்கையில் சுமக்கிறது. ஒரு மரபணுவை அணைக்க வேண்டுமென்றால் எல்லாப் படிகளிலும் அணைக்க வேண்டும். பலவும் கலப்புக்குத் தேவையான வித்துகளை ஒழுங்காக உருவாக்காததால், பயிர்களில் செய்வது போல இரண்டு வகைகளைக் கலந்து புதிய வகை எடுப்பதும் கடினம். இந்த இடத்தில்தான் கிரிஸ்பர் கைகொடுத்தது. ஜெனிஃபர் டவுட்னா, இமானுவேல் சார்பென்டியே ஆகிய இருவரும் 2012இல் விளக்கி, 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த இந்த முறையில், காஸ்9 என்ற புரதம் கத்திரியாகவும், சுமார் 20 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. வழிகாட்டியாகவும் செயல்படுகின்றன. வழிகாட்டி சொல்லும் முகவரி எத்தனை படிகளில் இருந்தாலும் கத்திரி அத்தனையையும் வெட்டும். ஒட்டுத்துணியும் அத்தனை இடங்களிலும் தைக்கப்படும். கத்திரியைச் சுமந்து வந்த வட்ட டி.என்.ஏ. துண்டில் ஓர் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவும் இருக்கும். ஆன்டிபயாட்டிக் கலந்த ஊட்டத் தட்டில் ஈஸ்டைப் பரப்பினால், துண்டை ஏற்ற செல்கள் மட்டும் பிழைத்து, இரண்டு மூன்று நாட்களில் வெள்ளைப் பொட்டுகளாக எழும். ஒவ்வொரு பொட்டிலிருந்தும் கொஞ்சம் சுரண்டி எடுத்து, மாற்றம் சரியான இடத்தில் நடந்திருக்கிறதா என்று டி.என்.ஏ.வைப் படித்துப் பார்க்கிறார்கள். பிறகு ஆன்டிபயாட்டிக் இல்லாத ஊட்டத்தில் சில தலைமுறைகள் வளர்த்தால், தேவையில்லாச் சுமையான அந்த வட்டத் துண்டைச் செல்கள் தாமே உதறிவிடுகின்றன. கத்திரியும் எதிர்ப்பு மரபணுவும் போய்விடும், தையல் மட்டும் நிற்கும்.

மரபணு உள்ளே சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தொடக்கநிலையில் அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு. அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதே கடினமான கேள்வி. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் புரமோட்டர் எனப்படும் டி.என்.ஏ. பகுதி ஒன்று இருக்கிறது. விசிறிக்கு ரெகுலேட்டர் எப்படியோ மரபணுவுக்கு அது அப்படி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜே கீஸ்லிங்கின் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் டென்பி, ரேச்சல் லி முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. ஹாப்ஸின் மலர் மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் என்ற இரண்டு பொருட்களை ஈஸ்டே தயாரிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதற்கான மரபணுக்களை ஹாப்ஸ் கொடியிலிருந்து அல்லாமல் ஒரு புதினா வகையிலிருந்தும் இனிப்புத் துளசி எனப்படும் பேசிலிலிருந்தும் எடுத்தார்கள். ஈஸ்டுக்குள் நன்றாக வேலை செய்பவை அவையாக இருந்தன. புரமோட்டர்களின் வலிமையை மாற்றி மாற்றி அமைத்துப் பல ஈஸ்டுகளை உருவாக்கி, இரண்டு மணப்பொருட்களும் ஹாப்ஸ் இட்ட பீரில் இருக்கும் அளவுக்கு அருகே வரும் ஈஸ்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். லகுனிடாஸ் ஆலையின் பணியாளர்கள் சுவைத்துப் பார்த்தபோது, மணத்துக்காக ஹாப்ஸ் சேர்த்த பீரைவிட மாற்றிய ஈஸ்டின் பீரிலேயே ஹாப்ஸ் மணம் மிகுந்திருப்பதாக மதிப்பிட்டார்கள். ஆனால் இந்த ஈஸ்ட் ஹாப்ஸை முற்றிலும் தேவையற்றதாக்கிவிட்டது என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம். பீரின் கசப்பு ஹாப்ஸின் ஆல்பா அமிலங்கள் கொதிநிலையில் மாற்றமடைந்து வருவது. இந்த ஆய்வு அதைத் தொடவில்லை.

வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல், ஈஸ்டிடமே இருந்து பழுதான மரபணுவைச் சரிசெய்யும் முயற்சிகளும் உண்டு, எனக்கு இவையே மேலும் சுவாரசியமானவை. கொய்யா, கிரேப்ஃபுரூட், பேஷன் பழம் ஆகியவற்றின் மணத்துக்குக் காரணமான தயால்கள் என்ற கந்தகச் சேர்மங்கள், மால்ட்டிலும் ஹாப்ஸிலும் ஏற்கெனவே மணமற்ற வடிவில் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதிக்கான ஐ.ஆர்.சி.7 என்ற மரபணு ஈஸ்டிடம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வகைகளில் அதில் 38 எழுத்துகள் விடுபட்டுப் போனதால் நொதி குறைப்பிரசவமாகவே பிறக்கிறது. முழு வடிவம் இருக்கும் வகைகளிலும், வோர்ட்டில் நைட்ரஜன் ஊட்டம் மிகுந்திருக்கும்வரை அது அணைந்தே கிடக்கிறது. முழு வடிவத்தை, நைட்ரஜனைப் பொருட்படுத்தாத புரமோட்டருக்குப் பின்னால் வைத்தபோது, பழத்தோட்டம் பக்கமே போகாத பீரில் கொய்யா மணத்தது. லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்குக்கு எட்டும் பொருட்கள் இவை.

புளிப்பு பீர்களின் கதை இன்னும் சுருக்கமானது. மரபாக அவற்றுக்கு லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களைத் தொட்டிக்குள் விட வேண்டும். அவை குழாய்களிலும் மூடிகளிலும் ஒட்டிக்கொண்டு மற்ற பீர்களையும் புளிக்கவைத்துவிடும் என்பதால் பல ஆலைகள் அவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. பைருவேட்டை ஒரே படியில் லாக்டிக் அமிலமாக்கும் நொதிக்கான மரபணுவை ரைசோபஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து எடுத்து ஈஸ்டில் சேர்த்து, லாலமண்ட் நிறுவனம் 2019இல் சோர்விசியே என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆல்கஹாலும் புளிப்பும் ஒரே செல்லிலிருந்து வருகின்றன, பாக்டீரியா தேவைப்படுவதில்லை.

மரபணு மாற்றிய பீர் ஈஸ்டுக்கு அரசு அனுமதி என்பது சமீபத்திய செய்தி அன்று. ரொட்டி ஈஸ்ட் ஒன்றுக்கு 1990இல் அனுமதி தந்த பிரிட்டன், 1994இல் பீர் ஈஸ்ட் ஒன்றுக்கும் தந்தது. சர்ரேயில் நட்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த மதுத்தயாரிப்பு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அந்த ஈஸ்டில், எஸ்.டி.ஏ.2 என்ற மரபணு சேர்க்கப்பட்டிருந்தது. வோர்ட்டில் டெக்ஸ்ட்ரின்கள் எனப்படும் பெரிய சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. சாதாரண ஈஸ்டால் அவற்றை உண்ண முடியாது, பீரின் உடல்வாகாக அவை எஞ்சிவிடும். எஸ்.டி.ஏ.2 தரும் நொதி அந்தச் சங்கிலிகளைக் குளுக்கோஸாக அறுத்துவிடுவதால், மாவுச்சத்து குறைந்த மெலிந்த பீர் கிடைக்கும். நட்ஃபீல்டு லைட் என்ற பெயரில் அதைத் தயாரித்தும் விட்டார்கள், ஆனால் விற்பனைக்கு வரவே இல்லை. மரபணு மாற்றிய உணவு என்றாலே முகம் சுளித்த அந்தக் காலத்துப் பிரிட்டனில் முதலில் விற்றுப் பார்க்க எந்த ஆலைக்கும் துணிவு இல்லை.

இதில் வியப்பான செய்தி, அந்த மரபணு எங்கிருந்து வந்தது என்பதுதான். டயாஸ்டேட்டிகஸ் எனப்படும் ஈஸ்ட் வகையில் அது இயற்கையாகவே இருக்கிறது, அந்த வகையோ ஆலைக்காரர்களுக்குச் சிம்ம சொப்பனம். துப்புரவு செய்த குழாய் ஒன்றின் மூலையில் அது ஒளிந்திருந்து கேனுக்குள் போய்விட்டால், மற்ற ஈஸ்ட் உண்ணாமல் விட்ட டெக்ஸ்ட்ரின்களை அங்கே மெல்ல உண்டு வாயுவை வெளியிட, கேன்கள் உப்பி வெடிக்கின்றன. தொட்டியில் இருந்தால் மெலிந்த பீர், கேனில் இருந்தால் வெடிகுண்டு. மரபணு நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று கேட்பதே பொருளுள்ளது. மாற்றிய ஈஸ்டுகளைப் பயன்படுத்தும் ஆலைகளுக்கும் இதே கவலை உண்டு. ஒரு தொட்டியின் அடியில் படிந்த ஈஸ்டை அள்ளி அடுத்த தொட்டிக்கு இடுவது அன்றாட வழக்கம் என்பதால், புளிப்பு ஈஸ்டோ கொய்யா மண ஈஸ்டோ தவறான தொட்டிக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மரபணு மாற்றம் என்றதும் ஆய்வகம் மட்டுமே நினைவுக்கு வருகிறது, ஆனால் ஆலைக்காரர்கள் தெரியாமலேயே இதைப் பல நூற்றாண்டுகள் செய்திருக்கிறார்கள். காட்டு ஈஸ்டுகளில் பி.ஏ.டி.1, எஃப்.டி.சி.1 என்ற இரண்டு மரபணுக்கள் சேர்ந்து பீருக்குக் கிராம்பு போன்ற மணத்தைத் தருகின்றன. பெல்ஜியத்தின் லூவன் நகரில் கெவின் வெர்ஸ்ட்ரெபனின் குழு முன்னின்று 157 ஈஸ்டுகளின் மரபணுத்தொகுப்பைப் படித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பீர் ஈஸ்டுகள் பலவற்றில் இந்த மரபணுக்கள் எழுத்துப் பிழைகளால் செயலிழந்திருப்பது தெரியவந்தது. கிராம்பு மணம் பிடிக்காத மனிதர்கள் நல்ல தொட்டியின் ஈஸ்டையே மீண்டும் மீண்டும் எடுத்து இட்டதால், பிழையுள்ள ஈஸ்ட் நிலைத்தது. அந்த மணத்தை விரும்பும் ஜெர்மானியக் கோதுமை பீருக்கு உரிய ஈஸ்டில் அதே மரபணுக்கள் பழுதில்லாமல் இருக்கின்றன.

பெல்ஜியத்திலிருந்தே வந்த வேறோர் ஆய்வு, சட்டம் எங்கே தடுமாறுகிறது என்பதைக் காட்டுகிறது. நவீன ஆலைகளின் தொட்டிகள் பல மீட்டர் உயரமானவை. அவற்றில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் கூடுவதால், வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டை ஈஸ்ட் குறைவாகவே உருவாக்குகிறது. ஜோகன் தெவலைனின் குழு, இந்த அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் மணம் தரும் ஈஸ்ட் ஒன்றைக் கண்டு, அதற்கு எம்.டி.எஸ்.3 என்ற மரபணுவில் இருந்த ஒரு மாற்றமே முதன்மைக் காரணம் என்று கண்டறிந்து, அதே மாற்றத்தைக் கிரிஸ்பர் கொண்டு வேறு ஈஸ்டுகளில் ஏற்படுத்தி 2022இல் வெளியிட்டது. இங்கே வேற்று இனத்தின் மரபணு எதுவும் நுழையவில்லை. இயற்கையில் ஓர் ஈஸ்டில் இருந்த எழுத்து மாற்றம் இன்னோர் ஈஸ்டுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 ஜூலையில் அளித்த தீர்ப்பின்படி, இப்படித் திருத்தப்பட்ட உயிரிகளும் மரபணு மாற்றப்பட்டவையே. அதே எழுத்து மாற்றத்தை, புறஊதாக் கதிரை ஈஸ்டின் மீது பாய்ச்சி ஆயிரக்கணக்கான கண்மூடித்தனமான பிழைகளை உண்டாக்கி அவற்றுள் தேடிக் கண்டுபிடித்தால், அந்த ஈஸ்ட் நெடுங்காலப் பழக்கம் கொண்ட முறையில் வந்தது என்று அவ்விதிகளின் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறும். அமெரிக்காவில் இறுதிப் பொருள் பாதுகாப்பானதா என்ற கேள்வியே முன்னால் நிற்கிறது. இங்கே பெயர் குறிப்பிட்ட மாற்றிய ஈஸ்டுகளில் விற்பனைக்கு வந்தவை அங்கே முதலில் வெளிவந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது என்று 1516இல் பவேரியாவில் போடப்பட்ட புகழ்பெற்ற தூய்மைச் சட்டத்தில் ஈஸ்ட் என்ற சொல்லே இல்லை. அப்படி ஓர் உயிர் தொட்டிக்குள் இருப்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியாது.